கனெக்டரில் உப்பு இல்லை

உங்கள் களப்பணிக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. "கடலோரத்தில் கடிகாரத் துடிப்பின் அலைவெண் நகர்ந்தால், முதலில் கனெக்டரைக் கழற்றி உப்பைத் துடைக்கவும்." புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். போன மாதம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது ஒரு பெண் என் எதிரில் நின்று அதை ஒப்பித்தே காட்டினாள். "இது நீங்க கண்டுபிடிச்சதுதானே மேடம்?" என்று வேறு கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

பணி அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டுப் பல நாள் ஆகிறது. ஓய்வுபெற்றவர்கள் இப்படி எழுதும்போது தாங்கள் தீர்த்த சிக்கல்களை வரிசையாக எழுதுவார்கள், படித்திருக்கிறேன். என்னிடமும் அப்படி நாலைந்து உண்டு. அவற்றை எழுதப்போவதில்லை. என் பொறாமையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள். உங்களில் பாதிப் பேருக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தால் அது இருக்கிறது, எனக்குத் தெரியும்.

என் ஊர் எளாவூர். ஆந்திராவுக்குப் போகும் ரோட்டில், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், என் நைனா லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். நான் டிப்ளமா முடித்து எழுபதுகளின் கடைசியில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் 'சார்' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கடிகாரம் போலச் சீராக மின்துடிப்பு உண்டாக்கும் எலெக்ட்ரானிக் பலகைகள் செய்வது என் வேலை. பதினொரு ஐ.சி. வைத்து நான் செய்த ஒரு பலகை இருந்தது. வெளியாட்கள் வந்தால் சார் அவர்களை நேராக என் மேசைக்குத்தான் அழைத்து வருவார். ஆறு வருடம் அப்படி ராணி மாதிரி இருந்தேன்.

அப்புறம் மெஹருன்னிசா வந்தாள். பழவேற்காட்டுக்காரி, பொறியியல் பட்டம் படித்தவள், என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவள் வந்த அதே வருடம்தான் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும் எங்கள் மேசைக்கு வந்தது. என் பதினொரு ஐ.சி. செய்த வேலையை அவள் நாற்பது வரி புரோகிராமில் செய்துவிட்டாள். சிப்பின் ஒரு காலில் துடிப்பு வந்தது. துடிப்பின் அகலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அலைவெண் இம்மியும் அசையவில்லை. இன்று நீங்கள் பி.டபிள்யூ.எம். என்று ஒரு ரிஜிஸ்டரில் எண்ணை எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறீர்களே, அதை அவள் டைமரை வைத்துக்கொண்டு எண்ணி எண்ணிச் செய்தாள். சார் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, என் பலகையை இனி அலமாரியில் வைத்துவிடலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துப் போயிருப்பேன். துடிப்பைப் பிசகாமல் வைத்திருக்கும் நல்ல கிரிஸ்டல் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். களத்துக்கு எடுத்துப்போக ஒரு அலைவெண் மீட்டர் செய்யும்படி சார் என்னிடம் சொல்லியிருந்தார். அதற்காகக் கிரிஸ்டல் கேட்டு நான்தான் எழுதிப் போட்டிருந்தேன். வந்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்து மெஹரின் பலகைக்குக் கொடுத்துவிட்டார். "உன் மீட்டருக்கு இப்போதைக்கு மெயின்ஸ் கரண்ட்டுலேர்ந்து எடுத்துக்கோ" என்று என்னிடம் சொன்னார்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அலைவெண் மீட்டர் என்பது ஒரு வினாடிக்குள் எத்தனை துடிப்பு வருகிறது என்று எண்ணும் பெட்டி, அவ்வளவுதான். ஒரு வினாடி ஆகிவிட்டது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். நல்ல மீட்டரில் அதைக் கிரிஸ்டல் சொல்லும். என் மீட்டரில் வீட்டுக்கு வரும் மின்சாரம் சொன்னது. அது வினாடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கும், ஐம்பது எண்ணினால் ஒரு வினாடி. நான் அப்படியே செய்து, மூடியைத் திருகி, மேலே என் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். உள்ளே கிரிஸ்டல் இல்லை என்பதை மெஹரிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்றுமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

இனி வேலைக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் குறுகிவிடும். கடலிலிருந்து திரும்பும் படகுகள் அந்த வாயைத் தவறவிட்டால் மணல்திட்டில் ஏறிவிடும். புழுதி கிளம்பிய மாலைகளில் கரை கண்ணுக்கே தெரியாது. முகத்துவாரத்துக்கு நேராக, கோட்டைக்குப்பத்தில் மீன் ஏலக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் அறை கட்டி, அதில் மெஹரின் பலகையை வைத்து, சிறிய ரேடியோ வழியாக ஒரு தொனியை அனுப்புவது திட்டம். வினாடிக்கு ஆயிரம் துடிப்பு. படகில் இருக்கும் பெட்டி அந்தத் தொனியைக் கேட்டால் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். பெட்டியை முகத்துவாரத்தின் பக்கம் திருப்பினால் விளக்கு பிரகாசமாகும், விலக்கினால் மங்கும். தொனி ஆயிரத்திலிருந்து இருபது தள்ளிப் போனாலும் விளக்கு எரியாது. வேறு சத்தங்களுக்கு அது ஏமாறாமல் இருக்க வேண்டுமே.

பத்து நாள் சோதனை. சார் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மெஹருக்கு அந்த மாதத்தோடு தகுதிகாண் காலம் முடிகிறது, இவ்வளவு விலை கொடுத்து இந்தச் சிப் எதற்கு என்று மேலே கேட்கிறார்கள், சோதனை தேறினால் அவள் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அறிக்கைய நீ எழுது சரோஜா. நான் படிக்காமயே கையெழுத்து போடுவேன்" என்றார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. மெஹரின் வீட்டிலோ, வேலை நிலைத்தால் போகட்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற பேச்சோடுதான் அவளை அனுப்பியிருந்தார்கள். அவள் வாப்பா உறவுக்காரர்களை எல்லாம் எதிர்த்துப் படிக்க வைத்தவர். அவரால் அதற்கு மேல் எதிர்க்க முடியாது.

தங்கியது மெஹர் வீட்டில். பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம், வீடு பெரியது, வியாபாரம் இப்போது சின்னது. வாப்பா பஸ் நிற்கும் இடத்துக்கே குடையோடு வந்து நின்றார். கூடத்தில் அவள் பட்டம் வாங்கிய புகைப்படம் மாட்டியிருந்தது. அதைக் கடந்து போகிற ஒவ்வொரு முறையும் அவர் கண் அங்கே போய்வரும். என் நைனா ஒரு நாள்கூட நான் என்ன செய்கிறேன் என்று கேட்டதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு டயர் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. கிரிஸ்டலும் அவளுக்கு, குடை பிடிக்கும் அப்பாவும் அவளுக்கு.

நோன்பு மாதம் அது, கத்திரி வெயில். மெஹர் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தச் செங்கல் அறையில் வேலை செய்தாள். நான் அவள் எதிரிலேயே கலர் சோடா உடைத்துக் குடித்தேன். வெளியே போய்க் குடித்திருக்கலாம். அவள் பார்க்கக் குடிப்பது எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் காலை மீட்டரை மாட்டினோம். ஆயிரம். மதியம் ஆயிரத்து மூன்று. சாயங்காலம் ஏலக்கொட்டகையில் விளக்கு போட்ட பிறகு பார்த்தால் ஆயிரத்து முப்பது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். காலையில் சரி, மாலையில் தப்பு.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து என்ன பயன்? மழையில் நனைந்த குழந்தை மாதிரி குதூகலமாக இருந்தது. ஆறு மாதமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடிய சிப் இதோ ஆட்டம் காண்கிறது, என் பதினொரு ஐ.சி. ஆடியதில்லை. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன்.

மெஹர் பதறிப்போய்த் தேடினாள். வெயிலில் கிரிஸ்டல் சூடாகிறதா என்று ஈரத் துணி போட்டுப் பார்த்தாள். பேட்டரியை மாற்றினாள். காற்று ஈரமா என்று அறையின் கதவைச் சாக்கால் அடைத்தாள். எதற்கும் அது மசியவில்லை. அப்போது நான் என் தீர்ப்பைச் சொன்னேன். டைமர் ஒவ்வொரு முறை முடிந்து மறுபடி தொடங்கும்போது அவள் புரோகிராம் இரண்டு மூன்று சுற்றை விட்டுவிடுகிறது, அந்தப் பிசகு சேர்ந்து அலைவெண்ணைக் கெடுக்கிறது என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட கோளாறு உண்டும்கூட. மெஹர் கேட்டாள்:

"அப்டின்னா காலைலயும் தப்பணும்ல அக்கா?"

நீ புதுசு, கடலோரத்தில் இதெல்லாம் இப்படித்தான் என்று அதட்டினேன். பிள்ளைகளே, யாராவது ஒரு நல்ல கேள்வி கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாமல் கோபம் மட்டும் வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். அன்று நான் வைக்கவில்லை.

படகில் பெட்டியை வைத்துச் சோதித்தவர் ஏழுமலை என்கிற மீனவர், நாற்பது வயது இருக்கும். ஏரியில் அவருக்குப் பாடு, அதாவது மீன் பிடிக்கும் முறை, வராத நாள்களில் கடலுக்குப் போவார். மாலையில் விளக்கு எரிகிறதா என்று அவரைக் கேட்டால் போதும். ஒரே ஒரு கேள்வி. மெஹர் கேட்கலாமா என்றபோது, மீட்டர் இருக்கும்போது ஆளைக் கேட்பது எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை நான் சொன்னபடி மெஹர் எண்ணைத் திருத்தினாள். அவள் பலகையில் எட்டுக் குட்டி சுவிட்சுகள் இருந்தன, அவற்றைத் தட்டினால் அலைவெண் கொஞ்சம் ஏறும், இறங்கும். படகுகள் திரும்புவது மாலையில்தான், அதனால் மாலையில் மீட்டர் ஆயிரம் காட்டும்படி வைப்போம் என்றேன். காலையில் தொள்ளாயிரத்து எழுபது காட்டியது. சாயங்காலம் சொல்லி வைத்த மாதிரி ஆயிரம். பார்த்தாயா என்று மெஹரைப் பார்த்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

அதே மாலை புழுதி கிளம்பியது. ஏழுமலையின் படகு முகத்துவாரத்தைத் தவறவிட்டு மணல்திட்டில் மோதிச் சாய்ந்தது. கூடப் போன மச்சான் நீந்திக் கரையேறினார். ஏழுமலையை மற்றவர்கள் போய் இழுத்து வந்தார்கள். வலை போய்விட்டது. வலது தோள் இறங்கியிருந்தது. ஏலக்கொட்டகையில் ஐஸ் பெட்டியின் மேல் அவரை உட்கார வைத்து வைத்தியர் தோளைத் தூக்கிப் பொருத்தும்போது நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். அவர் கத்தவில்லை, எங்களைத் திட்டவும் இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லா எரிஞ்சுதும்மா. அத்த நம்பித்தான் தெகிரியமா வந்தேன். நீங்க இன்னாவோ சரி பண்ணீங்களாமே, இன்னிக்கி எரியவே இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. பெட்டியில் தண்ணீர் போயிருக்கும் என்று சொன்னேன். ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. மெஹரைப் பார்த்தார். அவள் ஊர்ப் பெண் அல்லவா.

மறுநாள் பகல் முழுக்க நான் அறிக்கை எழுதினேன். "கடிகாரத் துடிப்பு நிலையற்றது. புரோகிராமின் அமைப்பில் குறை. இந்தப் பலகை களத்துக்கு ஏற்றதல்ல." மூன்று வாக்கியம்தான் முக்கியம், மற்றதெல்லாம் அளவுகள். எழுதும்போது ஒரு நீதி கிடைத்த மாதிரி இருந்தது. அதை உறையில் போட்டு ஒட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வாப்பா பொன்னேரிக்குப் போகிறார், அவரிடமே தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுப்பதாகத் திட்டம். அவர் மகளின் வேலையை முடிக்கும் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்ப இருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று மாலை நோன்பு திறக்க எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கஞ்சி வைத்திருந்தாள் மெஹரின் உம்மா. நோன்பே இல்லாத எனக்கு ஆறு நாளாக வைத்துக்கொண்டிருந்தாள். மெஹர் முகம் அழுது வீங்கியிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். நான் பழக்கத்தில் நிமிர்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவளுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, சாவி கிடையாது, ஒயரைச் சுவரில் சொருகியிருப்பார்கள். பாங்கு நேரத்துக்கு இன்னும் மூன்று நிமிடம் இருப்பதாக அது காட்டியது. ஏதாவது பேச வேண்டுமே என்று, கடிகாரம் மெதுவாகப் போகிறது என்றேன்.

உம்மா சிரித்தாள். "அது பகல்ல ஒழுங்கா ஓடும் கண்ணு. சாயங்காலம் ஆனா நட தளந்துடும். எல்லா வூட்லயும் லைட்டு போட்டதும் கரண்ட்டு சோந்துடுது, கூடவே இதுவும் சோந்துடுது. காலைல ரேடியோ நியூஸுக்கு நான் திருப்பி வெச்சிக்குவேன். அத்த நம்பி யாரு நோம்பு தொறப்பா?"

பேரீச்சம்பழம் என் வாயில் அப்படியே நின்றது. மெயின்ஸ் மின்சாரம் மாலையில் ஐம்பது முறை ஏறி இறங்குவதில்லை. நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோதான். அந்த மின்சாரத்தில் ஓடும் கடிகாரம் பின்தங்கும். அந்த மின்சாரத்தை எண்ணி வினாடி சொல்லும் என் மீட்டரில் வினாடி நீளும். நீண்ட வினாடிக்குள் அதிகத் துடிப்புகள் விழும். ஆயிரம் ஆயிரத்து முப்பதாகத் தெரியும். மெஹரின் பலகை ஒரு நாளும் நகரவில்லை. அந்த ஊரிலேயே மாலையில் சரியாக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், எனக்கு வர வேண்டியிருந்த கிரிஸ்டலை வைத்துக்கொண்டு. சரியாக இருந்ததை நான் கெடுத்தேன், ஏழுமலை மணலில் ஏறினார்.

ஆறு மாலை அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறேன். அதைப் பார்த்தே வளர்ந்த மெஹருக்கு அது கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை, என் மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னாமா அப்டி பாக்குற? கஞ்சி ஆறுது" என்று உம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அந்தக் கிண்ணம் காலியாவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மெஹர் பிழைப்பாள், நான் ஒழிந்தேன். ஏழுமலையின் தோள் போன பழி என் தலையில் விழும். சாரின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் உறையை அனுப்பினால் மெஹர் ஒழிவாள். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு அதைச் செய்ய என்னால் முடியவில்லை, அந்த அளவுக்கு மனுஷியாக இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. உறையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஏழாம் நாள் காலை மெஹரையும், கையைத் தூளியில் கட்டியிருந்த ஏழுமலையையும் அந்தச் செங்கல் அறையில் நிற்க வைத்து, ஒரு நாடகம் ஆடினேன். சுவிட்சுப் பலகையையும் சிப்பையும் இணைக்கும் கனெக்டரைக் கழற்றினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உப்பு ஏறியிருக்கிறது, மாலை ஈரத்தில் எண் தப்பாகப் படிக்கப்படுகிறது, அதுதான் கோளாறு என்றேன். ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன். துடைக்கும்போதே சுவிட்சுகளைப் பழைய இடத்துக்குத் தட்டிவிட்டேன். மீட்டரின் ஃபியூஸ் போய்விட்டது, இனி படகு விளக்கே சாட்சி என்று சொல்லி அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். அன்று மாலை ஏழுமலையின் மச்சான் கடலுக்குப் போய், கரை தெரியாத தூரத்திலிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து சேர்ந்தார். மிச்ச நாள்களும் அப்படியே. மெஹர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அறிக்கையை மாற்றி எழுதினேன். சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மெஹர் நிரந்தரமானாள். அடுத்த கிரிஸ்டல் வந்ததும் ஒருவரும் பார்க்காதபோது என் மீட்டரில் வைத்து மூடினேன். எனக்குப் பெயர் கிடைத்தது. கடலோரம் எங்கே கோளாறு என்றாலும் சரோஜாவை அனுப்பு என்றார்கள். நான் அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒருவருக்கும் கெடுதல் இல்லாமல் முடித்துவிட்டேனே என்று.

மெஹர் மேலே மேலே போனாள். கடைசி ஒன்பது வருடம் அவள் எனக்குத் தலைவி. ஒவ்வொரு முறை அவள் ஒரு படி ஏறும்போதும் எனக்கு எரிந்தது, அதோடு, இவளைக் காப்பாற்றியது நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. களப்பணிக் கையேட்டை எழுதியது அவள்தான். அந்த வரியை எழுதி, சரோஜா அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று கூட்டத்தில் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வரியை நம்பி உங்களில் எத்தனை பேர் நல்ல கனெக்டரைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த மீட்டரைச் சந்தேகிக்காமல் இருந்தீர்களோ, எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்தக் காப்பிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து மெஹருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், கிரிஸ்டல், கடிகாரம், உறை, நாடகம்.

"அந்த கனெக்டர சால்டர் பண்ணி ஒட்டினது நான் அக்கா," என்றாள். "உப்பு ஏறாம இருக்க மேல வார்னிஷ் அடிக்க மறந்துட்டேன்னு நெனச்சேன். அதனாலதான் ஏழுமலை அண்ணன் தோள் போச்சுன்னு. ஊருக்குப் போறப்பல்லாம் அவர் வூட்டுக்குப் போய் உக்காந்துட்டு வருவேன்."

அவர் தோள் அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லையாம். வலை இழுக்க முடியாமல் ஏலக்கொட்டகையில் எடை போடும் வேலைக்குப் போய்விட்டாராம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் போனதே இல்லை.

"அது நீ சால்டர் பண்ணதுன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுதான் அத்த சொன்னீங்களா?"

பேட்டரி என்று சொல்லியிருக்கலாம். ஆன்டெனா என்று சொல்லியிருக்கலாம். ஒருவர் கையும் படாத பத்து இடம் இருந்தது. என் வாயில் கனெக்டர்தான் வந்தது. அவளைக் காப்பாற்றும்போதும் அவள் மேல் ஒரு கறையை விட்டுவைக்க எனக்கு ஆசை இருந்தது. ஆமாம் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஏழுமலை அண்ணன் இருக்காரு. காது கொஞ்சம் கேக்காது. வர்ற ஞாயித்துக்கிழம வாங்க, நீங்களே அவராண்ட சத்தமா சொல்லுங்க." வருகிறேன் என்றேன். பஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறேன் என்றாள்.

போவதற்கு முன்னால் இதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கையேட்டில் அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். கனெக்டரில் உப்பு இல்லை. அந்த இடத்தில், அன்று அந்தச் செங்கல் அறையில் நான் அதட்டி அடக்கிய கேள்வியை எழுதுங்கள்: "கோளாறு பலகையில் என்றால் காலையிலும் தப்ப வேண்டும். மாலையில் மட்டும் தப்பினால், மாலையில் வேறு எது மாறுகிறது?" கீழே மெஹருன்னிசா என்று பெயர் போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

இதை எழுதும்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.